மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் நின்றுவிட்டேன்: தனியாக வேதம் வாசிக்க எங்கிருந்து தொடங்குவது?

1 · புதுப்பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நினைவு தெரிந்த நாளிலிருந்து ஆலயத்துக்குப் போகிறவள் நான். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசும் வாங்கியிருக்கிறேன். ஆனால் வேதாகமத்தை நானே எடுத்துவைத்து, பிரசங்கம் இல்லாமல், யாருடைய விளக்கமும் இல்லாமல் வாசிக்கும் பழக்கம் எனக்கு வந்ததே இல்லை. முப்பத்தெட்டு வயதில் இதைச் சொல்வது எளிதாக இல்லை. சொல்லாமல் வைத்திருப்பது அதைவிடக் கடினமாகிவிட்டது.

மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில்தான் தொடங்கினேன். ஆதியாகமத்தின் ஐம்பது அதிகாரங்களும் தடையின்றி ஓடின. யோசேப்பின் கதையை இரவு விழித்திருந்து வாசித்தேன். யாத்திராகமத்திலும் செங்கடலைக் கடக்கும்வரை நன்றாகவே போயிற்று. பிறகு ஆசரிப்புக் கூடாரம், வனாந்தரத்தில் ஆராதனைக்காக அமைத்த கூடாரம், வந்தது. இத்தனை முழ நீளம், இத்தனை முழ அகலம், இத்தனை கொக்கிகள், ஆட்டுமயிரினால் பதினொரு மூடுதிரைகள். கடைசி முயற்சி அந்தப் பதினொரு மூடுதிரைகளோடு நின்றது. யாத்திராகமம் 26, ஏழாம் வசனம். பக்கம் தெரிவதற்காக வைத்த நாடா ஒன்றரை ஆண்டாக அங்கேயே கிடக்கிறது.

எங்கே தொடங்குவது? ஒரு நாளைக்கு எவ்வளவு? புரியாத இடத்தில் என்ன செய்வது? ஒரு நாள் விட்டுப்போனால் மனம் சோர்ந்து மறுநாளும் விடுகிறேன், பிறகு எல்லாமே நின்றுவிடுகிறது. இதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2 · கடுகுவிதை

சகோதரி, நீங்கள் நின்ற இடம் பலரும் நிற்கிற இடம்தான். யாத்திராகமம் 25-இல் தொடங்கும் கூடார வேலை 31 வரை கட்டளையாக வருகிறது. 35-இலிருந்து 40 வரை அதே வேலை செய்து முடித்த விவரமாகத் திரும்ப வருகிறது. அதைத் தாண்டினால் பலிமுறைகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமம். உங்களிடம் பக்தி குறைவு என்று எண்ணிவிட வேண்டாம். வழி தெரியாத வீட்டில் பின்வாசலைத் தேடி நின்றுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

என் பதில் ஒன்றே ஒன்று. மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். வேறு எதையும் இப்போது தொடாதீர்கள்.

ஏன் மாற்கு? இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, பதினாறே அதிகாரங்கள். வம்ச அட்டவணை இல்லை, பிறப்பின் வரலாறு இல்லை. முதல் வசனத்திலேயே "சுவிசேஷத்தின் ஆரம்பம்" என்று சொல்லிவிட்டு நேராக யோர்தான் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. "உடனே" என்று பொருள்படும் கிரேக்கச் சொல் இந்தச் சின்னப் புத்தகத்தில் ஏறக்குறைய நாற்பது தடவை வருகிறது. மூச்சுவிடாமல் சொல்கிறவருடைய நடை அது.

ஆனால் நீங்கள் மூச்சுவிட்டு வாசியுங்கள். ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் என்றுகூடக் கணக்கு வைக்காதீர்கள். ஒரே ஒரு சம்பவம் போதும். நான்காம் அதிகாரத்தில் கடலில் புயல் வருகிறதல்லவா, அதை இப்போதே எடுத்துப் பாருங்கள். இயேசு படகின் பின்பக்கத்தில் "தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார்" என்று எழுதியிருக்கிறது. இதே புயலை மத்தேயுவும் லூக்காவும் சொல்கிறார்கள், ஆனால் தலையணை மாற்குவில் மட்டும்தான். அவர்களோடுகூட வேறு படவுகளும் இருந்தன என்பதும் இங்கே மட்டும்தான். அந்தப் படவுகளில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? மாற்கு சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாக இந்தப் பகுதியைக் கேட்டுவந்த நான், தனியே மெதுவாக வாசித்த ஒரு நாளில்தான் அந்தப் படவுகளைக் கண்டேன். பிரசங்கத்தில் யாரும் எனக்குக் காட்டியதில்லை.

ஐயாயிரம் பேரைப் போஷித்த இடத்தில் புல் பச்சையாக இருந்தது என்று சொல்வதும் மாற்கு ஒருவர்தான். இப்படிச் சின்னச் சின்னதாகக் கண்ணில் படத் தொடங்கினால் வாசிப்பு தானாக நடக்கும்.

3 · மூன்று அதிகாரம்

கடுகுவிதை ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் உடன்படவில்லை. வேதாகமம் ஒரே வரலாறு. அதற்குத் தொடக்கம் உண்டு, அந்தத் தொடக்கம் ஆதியாகமம். நடுவில் நுழைகிறவனுக்கு எல்லாமே அரைகுறையாகத்தான் விளங்கும். மாற்குவின் இரண்டாம் மூன்றாம் வசனங்களையே பாருங்கள், தீர்க்கதரிசிகள் எழுதியதிலிருந்துதான் எடுத்துத் தொடங்குகிறார். பாதி மல்கியா 3:1, பாதி ஏசாயா 40:3. அவை இரண்டும் தெரியாதவருக்கு யோவான்ஸ்நானன் யாரென்று எப்படி விளங்கும்?

கணக்கும் பெரிதல்ல. நம் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். ஒரு நாளைக்கு மூன்று அதிகாரம், ஓய்வுநாளில் ஐந்து. ஓராண்டில் முடிந்துவிடும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் வாசிக்கிறேன். சகோதரி லேவியராகமத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, கடந்து போய்விட்டால் போதும்.

4 · கடுகுவிதை

ஐயா, இருபத்திரண்டு முறை முடித்தவருக்கு அந்த முறை நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்று முறை அதே படியில் இடறியவரை நான்காவது முறையும் அதே படிக்கு அனுப்ப என் மனம் ஒப்பவில்லை.

மக்செய்ன் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் 1842-இல் தம் சபைக்கு ஓர் ஓராண்டு அட்டவணை தயாரித்துக் கொடுத்தார். பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டுமுறை. இன்றைக்கும் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். அந்த அட்டவணையோடு சேர்த்து அதன் ஆபத்துகளையும் அவரே எழுதிக் கொடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது: வெறும் சடங்காகிவிடலாம், வாசித்துவிட்டோம் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் பக்கம் புரளலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம். அட்டவணை போட்டவரே நான்காவதைச் சொல்லியிருக்கிறார். நம் சகோதரி அந்த நான்காவது வகையில் இருக்கிறார்.

மல்கியாவும் ஏசாயாவும் தெரிய வேண்டும் என்பது உண்மை. ஆனால் மாற்கு கூப்பிடும்போது அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாமே. முன்னமே எல்லாவற்றையும் கற்றுவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும் என்றால் யார்தான் தாண்டுவார்?

5 · சொல்லும் பொருளும்

நான் தமிழ் கற்பிக்கிறவள். எங்கே தொடங்குவது என்பதைவிட எந்த மொழிபெயர்ப்பில் தொடங்குவது என்பதும் முக்கியம் என்று படுகிறது. இதை யாரும் இன்னும் தொடவில்லை.

தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலில் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் முயற்சியால் 1715-இல் அச்சாகி முடிந்தது. அதன்பிறகு பல மொழிபெயர்ப்புகள், பல திருத்தங்கள். இன்று பெரும்பாலான சீர்திருத்த சபைகளில் கையில் இருப்பது ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்து 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. கத்தோலிக்க அறிஞர்களும் சீர்திருத்த சபை அறிஞர்களும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995-இல் வந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். 23-ஆம் சங்கீதம் எல்லோருக்கும் மனப்பாடம்: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." ஒரு மாணவியிடம் 'தாழ்ச்சியடையேன்' என்றால் என்ன என்று கேட்டேன். "யாருக்கும் கீழாகப் போக மாட்டேன்" என்றாள். பத்து ஆண்டுகளாக அவள் அந்தச் சங்கீதத்தைச் சொல்லிவருகிறாள். இங்கே தாழ்ச்சி என்றால் குறைவு. எனக்கு ஒரு குறையும் வராது என்பதுதான் பொருள். திருவிவிலியத்தில் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று இருக்கிறது. அதைக் காட்டியதும் அவள் முகம் மாறியதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

பழைய மொழிபெயர்ப்பின் ஓசைக்கு நான் அடிமை. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆயக்காரர், வேதபாரகர், நூற்றுக்கு அதிபதி ஆகிய சொற்களில் தடுக்கினால் புதியதைத் திறந்து பாருங்கள்; வரிதண்டுவோர், மறைநூல் அறிஞர் என்று இருக்கும். புத்தகப் பெயர்களும் மாறியிருக்கும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். ஆதியாகமம் அங்கே தொடக்க நூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், சங்கீதம் திருப்பாடல்கள், அப்போஸ்தலருடைய நடபடிகள் திருத்தூதர் பணிகள். கத்தோலிக்கப் பதிப்பில் 73 புத்தகங்கள் இருப்பதைக் கண்டும் திகைக்க வேண்டாம்.

6 · இரவுப்பணி

என் வேலை இரவு நேரத்தில். அதிகாலையில் எழுந்து தியானம் செய்யுங்கள் என்று எல்லோரும் சொல்லும்போது எனக்கு அழுகை வரும். அதிகாலையில்தான் நான் படுக்கவே போகிறேன். நான்கு ஆண்டுகள் இந்தக் குற்ற உணர்ச்சியோடு எதையும் வாசிக்காமல் கழித்தேன்.

பிறகு கேட்கத் தொடங்கினேன். கைப்பேசியில் ஒலி வடிவம். மாற்கு முழுவதையும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கேட்டு முடித்துவிடலாம். முதல் தடவை ஒரே மூச்சில் கேட்டேன். ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதையும் ஒரே இரவில் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதுபோல் இருந்தது. துண்டு துண்டாக அறிந்திருந்த கதைகள் எந்த வரிசையில் வருகின்றன என்பதே அன்றுதான் தெரிந்தது.

ஆகவே சகோதரிக்குச் சொல்வது: உங்களுக்கு விழிப்பு இருக்கிற நேரமே வாசிக்கிற நேரம். அது மதியம் இரண்டு மணியாக இருந்தாலும் சரி.

7 · வெளியிலிருந்து ஒருவன்

நான் கிறிஸ்தவன் அல்லன். எந்த மதத்தையும் பின்பற்றுகிறவன் அல்லன். ஆனால் உலகில் இத்தனை பேரை அசைத்த ஒரு நூலை வாசிக்காமல் சாகக்கூடாது என்று நினைக்கிறேன். என்னைப் போன்றவன் வாசிக்கலாமா, அல்லது விசுவாசம் இருந்தால்தான் திறக்க வேண்டுமா? மத்தேயுவைத் திறந்தேன், இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று முதல் பக்கம் முழுவதும் பெயர்கள். மூடிவிட்டேன்.

8 · சிற்றகல்

தாராளமாக வாசியுங்கள் நண்பரே. உங்களுக்கு லூக்கா பொருத்தமாக இருக்கும். ஆதிமுதல் எல்லாவற்றையும் விசாரித்தறிந்து ஒழுங்காக எழுதுவதாக முதல் நான்கு வசனங்களிலேயே தெயோப்பிலு என்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் தொடங்குகிறார். விசாரித்து அறிய விரும்புகிறவரை அப்படி எழுதியவர் வாசலில் நிறுத்தமாட்டார்.

நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் மரபில் இருக்கிற ஒரு முறையைப் புதுப்பக்கம் சகோதரிக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற கார்த்தூசியத் துறவி அதை ஏணியின் நான்கு படிகளாக எழுதிவைத்தார். முதலில் வாசிப்பது, பிறகு அசைபோடுவது, பிறகு இறைவனிடம் பேசுவது, கடைசியில் பேச்சில்லாமல் அவர் முன்னிலையில் இருப்பது. பெயரைக் கேட்டால் பெரிதாகத் தோன்றும். நான் செய்வது இவ்வளவுதான்: பத்து வசனங்களை மூன்று தடவை வாய்விட்டு வாசிக்கிறேன். எந்தச் சொல் என்னைப் பிடித்து நிறுத்துகிறதோ அங்கே நிற்கிறேன். சில நாள் எந்தச் சொல்லும் நிறுத்துவதில்லை. அந்த நாளில் பத்து வசனங்களை வாசித்ததோடு எழுந்துவிடுகிறேன்.

வாய்விட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். முதலாம் சங்கீதத்தில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற" என்று வருகிறதே, அந்த எபிரேயச் சொல்லுக்கு முணுமுணுத்தல், தாழ்ந்த குரலில் ஒலித்தல் என்று பொருள். ஏசாயா 31-இல் இரையின்மேல் நின்று சிங்கம் உறுமுவதற்கும், 38-இல் புறா புலம்புவதற்கும் அதே சொல்தான். தியானம் என்றதும் நாம் வாயை மூடிக் கண்ணை மூடுகிறோம். அவர்களுக்கு அது தொண்டையில் நடந்தது. எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போனபோது பிலிப்பு அதைக் *கேட்டு* ஓடிப்போனார் அல்லவா? அவரும் சத்தமாகத்தான் வாசித்திருக்கிறார்.

9 · புதுப்பக்கம்

இத்தனை பதில்களை எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. மூன்று அதிகாரம் ஐயா, உங்கள் முறைக்கு வருகிற பலம் என்னிடம் இப்போது இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாற்கு. ஒரு நாளைக்கு ஒரு சம்பவம். வாய்விட்டு. இன்று இரவு தொடங்குகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சில நாள் மனம் கலங்கியிருக்கும்போது கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து, விரல் வைத்த வசனத்தை ஆண்டவர் தந்த வார்த்தையாக எடுத்துக்கொள்வேன். அது சரியா? அகுஸ்தீனார்கூட அப்படித்தானே மனம் மாறினார்?

10 · கடுகுவிதை

பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனார் அப்படித் திறந்தது உண்மை. 386-ஆம் ஆண்டு, மிலான் நகரில், "எடுத்து வாசி" என்று ஒரு குழந்தையின் குரல் கேட்டு. கண்ணில் பட்டது ரோமர் 13-இன் கடைசி வசனங்கள். ஆனால் அவர் திறந்த புத்தகம் எது என்று பாருங்கள். பவுலின் நிருபங்கள், அதாவது கடிதங்கள். அவர் முன்பே கருத்தூன்றி வாசித்துவந்த புத்தகம் அது, சற்றுமுன் அவரே அங்கே வைத்துவிட்டுப் போனது. நீண்ட நாள் உழுத நிலத்தில் விழுந்த விதையைப் பார்த்துவிட்டு, உழாமலே விதைத்தால் போதும் என்று நாம் முடிவுசெய்துவிடுகிறோம்.

விரல் வைத்து எடுக்கிற வசனத்துக்கு முன்னும் பின்னும் இல்லாமல் போய்விடுகிறது. எரேமியா 29:11, வாழ்த்து அட்டைகளில் எல்லாம் இருக்கிற வாக்குத்தத்தம். தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகள் என்பது. அதற்கு முந்தின வசனத்தை வாசியுங்கள். பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதைக் கேட்ட முதியவர்களில் பலர் அந்தச் சமாதானத்தைக் காணாமலே இறந்திருப்பார்கள். அதை அறிந்த பிறகு அந்த வசனம் எனக்குச் சிறுத்துப்போகவில்லை. காத்திருக்கிறவர்களின் வசனமாக ஆழமாயிற்று. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதும் அப்படித்தான். பரீட்சைக்கும் பந்தயத்துக்கும் அதைச் சொல்கிறோம். பவுல் அதைக் கட்டுண்டவராக இருந்து எழுதினார், முந்தின வசனம் பட்டினியாயிருக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றியது.

ஒரு வசனம் பிடித்துவிட்டால் மேலே பத்து, கீழே பத்து வாசியுங்கள். இதைவிட நல்ல விளக்கவுரை தொடக்கத்தில் தேவையில்லை.

11 · சொல்லும் பொருளும்

இதோடு ஒன்று. அதிகார எண் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பிரிவுகள் எழுதியவர்கள் போட்டவை அல்ல. இன்றைய அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் செய்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சாளர் போட்டவை. தேடி எடுக்க உதவும், ஆனால் சில இடங்களில் பேச்சின் நடுவிலேயே வெட்டு விழுந்திருக்கிறது. மாற்கு 9:1 எட்டாம் அதிகாரப் பேச்சின் கடைசி வாக்கியம். ஏசாயாவின் பாடுபடும் தாசனைப் பற்றிய பாடல் 53-இல் தொடங்குவதாக எல்லோரும் நினைக்கிறோம். அது 52:13-இலேயே தொடங்கிவிடுகிறது.

12 · புதுப்பக்கம்

பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. எழுத வேண்டும்போல் இருந்தது.

பன்னிரண்டில் மூன்று நாள் விட்டுப்போயிற்று. முன்பென்றால் அதோடு முடிந்திருக்கும். இந்த முறை என்னிடம் தேதி போட்ட அட்டவணை இல்லாததால், விட்டுப்போனது என்று காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. நான்காம் நாள் உட்கார்ந்தபோது படகு நான் விட்ட இடத்திலேயே இருந்தது.

ஐந்தாம் அதிகாரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். யவீருவின் மகள் சாகக்கிடக்கிறாள், இயேசு அங்கே போகிற வழியில் பெரும்பாடுள்ள, அதாவது இரத்தப்போக்கு நிற்காத, ஒரு பெண் வந்து அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த கதைகள், தனித்தனியாக. சத்தமாக வாசித்தபோது காதில் ஓர் எண் இரண்டு தடவை விழுந்தது. அந்தப் பெண் பன்னிரண்டு வருஷமாய் நோயாளி. அந்தச் சிறுமிக்குப் பன்னிரண்டு வயது. ஒருத்திக்கு நோய் தொடங்கிய ஆண்டில் இன்னொருத்தி பிறந்திருக்கிறாள். மேலே படிக்க முடியாமல் நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பிள்ளை எழுந்து நடக்கிறாள், எல்லோரும் பிரமிக்கிறார்கள். அவரோ அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். காய்ச்சலில் இருந்து எழுந்த பிள்ளையைப் பார்த்து முதலில் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும்.

13 · மூன்று அதிகாரம்

சகோதரி, இருபத்திரண்டு முறை அந்த அதிகாரத்தைக் கடந்திருக்கிறேன். அந்த இரண்டு பன்னிரண்டுகளையும் சேர்த்துப் பார்த்ததில்லை. இன்று மாலை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது.

இந்த ஆண்டு என் அட்டவணையில் மூன்றில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யோசிக்கிறேன்.

14 · வெளியிலிருந்து ஒருவன்

லூக்கா முடித்துவிட்டேன். நன்றி சிற்றகல். பிறகு உற்சாகத்தில் சங்கீதங்களுக்குப் போனேன், 137-இன் கடைசி வசனத்தில் அதிர்ந்துபோனேன். பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்று இருக்கிறது. அத்தனை அழகாகத் தொடங்குகிற பாடல் அது. நீங்கள் இதை எப்படி வாசிக்கிறீர்கள்? சமாதானம் சொல்வதற்காகச் சொல்லாமல் உண்மையாகச் சொல்லுங்கள்.

15 · சிற்றகல்

உண்மையாகச் சொன்னால், வலியோடு வாசிக்கிறேன். ஊர் எரிந்து, பிள்ளைகளை இழந்து, சிறைபிடித்தவர்கள் "ஒரு பாட்டுப் பாடு" என்று கேட்கிற இடத்தில் இருந்தவர்களின் வாயிலிருந்து வந்தது அது. அவர்கள் நினைத்ததைக் கடவுளிடம் மறைக்கவில்லை. அது கடவுளின் கட்டளை அல்ல, அவரிடம் வீசப்பட்ட அலறல். இதனால் அந்த வசனம் எனக்கு இனிதாகிவிடவில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். பதினோரு ஆண்டுகளாக இருக்கிறது.

சங்கீதம் 88-ஐயும் வாசித்துப் பாருங்கள். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும். இது திரும்பாது. எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல் "இருள்". அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது என் கெட்ட காலத்தில் எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

16 · இரவுப்பணி

கேள்விக்குறி நல்ல யோசனை. நான் ஒரு சின்ன நோட்டில் நாளுக்கு ஒரு வரி எழுதுகிறேன். புரிந்தது ஒன்று அல்லது புரியாதது ஒன்று. ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை. நீளமாக எழுதிய நாள்களுக்குப் பிறகுதான் எழுதாத நாள்கள் வந்தன.

புரியாதவற்றைச் சேர்த்துவைத்து மாதம் ஒருமுறை எங்கள் போதகரிடம் கேட்கிறேன். அவருக்கும் தெரியாதது இருக்கிறது, அதை அவர் மறைப்பதில்லை.

17 · புதுப்பக்கம்

இது ஏழாவது வாரம். நேற்று இரவு மாற்கு முடிந்தது.

எட்டாம் அதிகாரத்துக் குருடனைப் பற்றி எழுத நினைத்தேன். இரண்டு தடவை தொட்டுக் குணமாக்கிய கதை, அதுவும் மாற்குவில் மட்டும்தான் இருக்கிறதாம். முதல் தடவை தொட்டதும் "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான். என் வாசிப்பு இப்போது அங்கேதான் இருக்கிறது. ஆனால் நான் எழுத வந்தது வேறு.

பதினைந்தாம் அதிகாரம். தொடர்புள்ள வசனங்களை ஓரத்தில் காட்டும் ஒத்தவாக்கிய வேதாகமம் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தேன். இயேசு உயிர்விட்டதும் "தேவாலயத்தின் திரைச்சீலை மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும் இரண்டாகக் கிழிந்தது." 38-ஆம் வசனம். திரைச்சீலை என்றால் என்ன திரைச்சீலை? பெரிய வெள்ளிக்கிழமைதோறும் கேட்டிருக்கிறேன், ஒருமுறைகூட அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் யாத்திராகமம் 26:31 என்று போட்டிருந்தது.

என் பழைய வேதாகமத்தை எடுத்தேன். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. நாடா அங்கேதான் கிடந்தது.

ஆட்டுமயிர் மூடுதிரைகளிலிருந்து இருபத்துநான்கு வசனம் கீழே அந்தத் திரைச்சீலை இருக்கிறது. இளநீல நூல், இரத்தாம்பர நூல், சிவப்பு நூல், திரித்த மெல்லிய பஞ்சுநூல், அதில் கேருபீன்கள் என்னும் சிறகுள்ள தேவதூதர்களின் உருவங்கள். பரிசுத்த ஸ்தலத்துக்கும் மகா பரிசுத்த ஸ்தலத்துக்கும் நடுவே பிரிவு உண்டாக்க வேண்டும் என்று 33-ஆம் வசனம் சொல்கிறது. அதுதான் கிழிந்திருக்கிறது. ஒன்றரை ஆண்டுக்கு முன் இன்னும் ஐந்து நிமிடம் வாசித்திருந்தால் அந்தத் திரைவரை வந்திருப்பேன், வந்தும் அது எனக்கு வெறும் துணியாகத்தான் இருந்திருக்கும்.

18 · மூன்று அதிகாரம்

சகோதரி, இப்போது அந்தக் கொக்கிகளையும் முழக் கணக்கையும் வாசித்துப் பாருங்கள். எபிரெயர் நிருபத்திலும் இந்தத் திரை வருகிறது; அதற்கு அவசரமில்லை.

19 · புதுப்பக்கம்

26-ஆம் அதிகாரம், எட்டாம் வசனத்திலிருந்து தொடங்குகிறேன் ஐயா. ஒவ்வொரு மூடுதிரையும் முப்பது முழ நீளம், நாலு முழ அகலம். சத்தமாகத்தான் வாசிக்கிறேன். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முழம் என்றால் எவ்வளவு என்று கேட்கிறாள். அவள் கையை நீட்டச் சொல்லி முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து காட்டிக்கொண்டிருக்கிறேன்.